கேப்டனம்மா செய்தது தப்புதான்

ஜனவரி 11

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். பேசவில்லை, எழுதுகிறேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டு வாசலில் நின்று, "இனிமே இந்த ஜென்மத்துல உன்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சொன்னேன். அதில் மாற்றம் எதுவும் இல்லை. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமானால் யோசித்துப் பார். நான் யோசிக்க வேண்டியதில்லை. அன்று சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்படியே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். டிவி வாரப்பத்திரிகையில், வாசகர் பக்கத்தில், போன மாதம் என் கடிதம் வந்தது. "கேப்டனம்மா செய்தது மன்னிக்க முடியாத தப்பு" என்று எழுதி, கீழே பொத்தான்காரி என்று போட்டிருந்தேன். இந்த வாரம் அதற்கு ஒரு பதில் வந்திருக்கிறது. "கேப்டன் செய்தது சரி. பொத்தான்காரி அவர்கள் கப்பலில் இருந்த நானூறு உயிரை எண்ணிப் பார்க்கவில்லை" என்று. கீழே ஆபரேட்டர்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது நீதான் என்று. உலகத்தில் வேறு யார் என்னை 'அவர்கள்' போட்டுத் திட்டுவார்கள்? சின்ன வயதிலிருந்தே உனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும்.

நீயும் இந்த விண்வெளிக் கப்பல் தொடர் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நான் ஆறு சீசனாகப் பார்க்கிறேன், சனிக்கிழமை நாலு மணி. முப்பத்தொரு வருஷம் யூனிபார்ம் கம்பெனியில் பொத்தான் வைத்துவிட்டு, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த புதிதில், ரிமோட்டில் தவறி விரல் பட்டு அது வந்தது. ஒரு கூட்டம் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு நின்றது. பொத்தானெல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

நான் சொல்வதைக் கேள். கப்பலுக்கு வழி போடுகிற பெண், நான் வழிக்காரி என்று கூப்பிடுவேன், அவள் பிறந்த கிரகம் வெடித்துப் போகிறது. அந்தச் செய்தி முதலில் கேப்டனம்மா கைக்கு வருகிறது. கேப்டனம்மா என்ன செய்கிறாள்? மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறாள். இடது மேல்பை, மூடி போட்டது, ஒற்றைப் பொத்தான். மூன்று வருஷம் அங்கேயே வைத்திருக்கிறாள். கப்பல் கல்மழையைத் தாண்டும்வரை வழிக்காரி கை நடுங்கக்கூடாதாம். பெற்றவள் போய்விட்டாள் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியக்கூடாதாம். இவளுக்கு யார் கொடுத்தது அந்த அதிகாரம்?

பதில் போட்டால் கப்பலைப் பற்றி மட்டும் எழுது. வீட்டு விஷயம் ஒரு வரி இருந்தாலும் கிழித்துப் போடுவேன். இது நிபந்தனை. உன் விலாசத்தை நான் எழுதி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளாதே. அது தானாக மனசில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பொத்தான்காரி


பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

மரியாதை போட்டிருக்கிறேன், ஆனால் கோபம் இல்லை. உறையைக் கையில் வாங்கியபோதே தெரிந்தது. பசையை நம்பாமல் மூன்று தையல் போட்டு உறையை மூட உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும்.

நிபந்தனைக்குச் சம்மதம். கப்பல் மட்டும்.

நீ வழிக்காரி கட்சி, நான் கேப்டன் கட்சி. அந்தச் செய்தி வந்தபோது கேப்டன் மூச்சை இழுத்ததைக் கவனித்தாயா? இழுத்தாள், விடவில்லை. அடுத்த வசனம் வரும்வரை எண்ணினேன், ஏழு. டப்பிங் பேசிய பெண் கெட்டிக்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஊர்க்காரர்களின் சாவுச் செய்தியையும் பிரசவச் செய்தியையும் இணைத்துக் கொடுத்தவள் நான். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால் எதிர்ப்பக்கம் அழுவார்கள். சேராதவரை அதை வைத்திருக்கிறவள் மட்டும் அழுவாள். கேப்டன் மூன்று வருஷம் தனியாக அழுதாள். அதை எந்தப் பொத்தானும் உனக்குக் காட்டாது.

சொன்னால் வழிக்காரி தாங்கியிருப்பாளா? கல் மேல் கப்பலை ஏற்றியிருப்பாள்.

போன வருஷம் இதை சினிமாவாக எடுத்தார்களே, பார்த்தாயா? உன் அபிப்பிராயம் அறிய ஆவல். எனக்கு வயிற்றெரிச்சல்.

உன் தங்கச்சி,
ஆபரேட்டர்


மார்ச் 8

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன்.

வழிக்காரி தாங்கியிருப்பாளா என்று கேட்கிறாய். தாங்கியிருப்பாள். தாங்க வேண்டியது அவள் வேலை, அளந்து பார்ப்பது கேப்டனம்மா வேலை இல்லை. அழுதுகொண்டே வழி போட்டிருப்பாள். நான் அழுதுகொண்டே ஒரு நாளைக்கு அறுநூறு சட்டைக்குப் பொத்தான் வைத்திருக்கிறேன். ஒன்றுகூடக் கோணல் போனதில்லை.

சினிமா பார்த்தேன். பேத்தி வந்திருந்தபோது தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். யூனிபார்மிலிருந்து பொத்தானை எடுத்துவிட்டு ஜிப் வைத்துவிட்டார்கள்! அந்தப் பையிலும் ஜிப்! மூன்று வருஷம் ஒரு ரகசியத்தை ஜிப்புக்குள் வைப்பார்களா? இழுத்தால் திறந்துகொள்ளும். பொத்தான் என்றால் கழற்ற மனசு வேண்டும். இதெல்லாம் படமெடுக்கிறவர்களுக்கு எங்கே புரியப்போகிறது. பேத்தி என்ன சொன்னாள் தெரியுமா? "போ பாட்டி, நீ பார்க்கிற கப்பல் அட்டையில செஞ்சது. தூக்குற கயிறுகூடத் தெரியுது." தெரிந்தால் என்ன? அட்டையானாலும் அதில் இருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். சினிமாவில் நட்சத்திரமெல்லாம் ஜொலிக்கிறது, ஒருத்தர் முகமும் மனசில் நிற்கவில்லை.

இப்போது அதே நேரத்தில் இன்னொரு சேனலில் பறக்கிற பல்லித் தொடர் ஒன்று ஓடுகிறது. ராணி பனிமலை மேல் கையில்லாத உடுப்போடு நிற்கிறாள். அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

நான் டிவி வைத்திருப்பது மூன்றாம் மாடியில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில். எதிரே ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி இருந்தது, அதில் துணி மடித்து வைக்கிறேன். மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். பேசிக்கொண்டே பாத்திரம் கழுவுவான், தண்ணீர்ச் சத்தம்தான் எனக்கு அதிகம் கேட்கும். இது வீட்டு விஷயம் இல்லை. டிவி இருக்கிற இடத்தைச் சொன்னேன்.

ஒன்று கேட்க வேண்டும். உன் எழுத்து ஏன் இப்படிக் கோழி கிளறின மாதிரி இருக்கிறது? வரி மேல் வரி ஏறிக் கிடக்கிறது. காகிதம் மிச்சம் பிடிக்கிறாயா? பத்தாம் வகுப்புவரை படித்தவள் நீ. நீ படிக்க வேண்டும் என்று நான் மூன்றாம் வகுப்போடு நின்றேன். என் எழுத்தைப் பார், வரிசையாக நிற்கிறது.

பொத்தான்காரி


ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

எழுத்துக்கு மன்னிப்பு. இனிமேல் ஒழுங்காக வரும். மேல்வீட்டில் ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள், கெட்டியான அட்டையில் வரிக்கு வரி ஜன்னல் வெட்டித் தந்திருக்கிறாள். அதை வைத்து எழுதினால் வரி நேராகப் போகிறது. அவள் பறக்கிற பல்லிக் கட்சி. உன் பனிமலை வரியைக் கேட்டுவிட்டு, "உங்க அக்காவுக்கு ரசனையே இல்லை" என்கிறாள்.

ஜிப்பைப் பற்றி நீ சொன்னது சரி. எனக்கு வயிற்றெரிச்சல் குரலால் வந்தது. கேப்டனுக்கு ஒரு சின்னப்பெண் குரலை வைத்துவிட்டார்கள். அந்தக் குரல் யாரையும் இழந்ததில்லை.

போன சனிக்கிழமை எபிசோட் என்னை உலுக்கிவிட்டது அக்கா. உண்மை தெரிந்த பிறகு வழிக்காரி முதல் தடவையாக மேல்தளத்துக்கு வருகிறாள். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானூறு பேரும் நீலச் சட்டையில் வரிசையாக நிற்க, அவள் காலடிச் சத்தம் மட்டும். முப்பத்திரண்டு அடி. கடைசி அடிக்கு முன்னால் ஒரு தயக்கம். அங்கேதான் கேப்டன் நிற்கிறாள் என்று புரிந்தது.

நீ என்ன நினைத்தாய்? சீக்கிரம் எழுது.

ஆபரேட்டர்


ஏப்ரல் 29

இவளுக்கு,

நீலச் சட்டையா?

நான்கு தடவை படித்தேன். நீலச் சட்டை என்றுதான் எழுதியிருக்கிறாய். அந்த எபிசோடில் ஒரு ஆள்கூட நீலச் சட்டை போடவில்லை. வழிக்காரியின் கிரகத்துக்காகக் கப்பலே சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. ஆறு சீசனில் முதல் தடவை. அதுதான் அந்த எபிசோடே! யாரும் வாயைத் திறக்காததற்குக் காரணமே அதுதான், சட்டை பேசிக்கொண்டிருந்தது. நான் இங்கே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் உன் பழைய கடிதங்களை எடுத்தேன். எனக்கு எடுக்க வேண்டிய அவசியமில்லை, ஆனாலும் சாட்சிக்கு எடுத்தேன். ஒன்றிலும் ஒரு நிறம் இல்லை. முகம் இல்லை. மூச்சு, குரல், காலடி. பத்திரிகைக்கு நீ எழுதியதிலும் அப்படித்தான்.

நீ பார்க்கவே இல்லை. யாரோ சொல்வதைக் கேட்டு எழுதுகிறாய். அந்த நர்ஸாக இருக்கும். திருட்டுக் கழுதை. எனக்குக் கப்பலைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, புதன்கிழமை புதன்கிழமை தபால்காரரைப் பார்க்க மூன்று மாடி இறங்கி ஏறுகிறேன். அதையும் பொய்யாக்கிவிட்டாயே.

கையெழுத்துப் போட மாட்டேன்.


மே 27

அக்கா,

நான் ஏமாற்றவில்லை என்று சொல்லமாட்டேன். நிபந்தனையை மீறாமல் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. படித்துவிட்டுக் கிழி.

எனக்குக் கண் தெரியவில்லை. நாலாவது சீசனில் ஓரமெல்லாம் போயிற்று, ஐந்தாவதில் நடுவும் போயிற்று. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவு. டாக்டர் ஒரு நீளமான பேர் சொன்னார். திரும்பி வராது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

ஆனால் யாரும் சொல்லிக் கேட்டு எழுதவில்லை அக்கா. அது பொய். சனிக்கிழமை நாலு மணிக்கு டிவி முன்னால் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் இருக்கிற இடமெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. சத்தம் இல்லாத இடத்தை நானே போட்டுக்கொள்கிறேன். என் கப்பலில் எல்லாரும் இன்னும் நீலச் சட்டையில்தான் இருக்கிறார்கள்.

உன் கடிதங்களை நர்ஸ்தான் வாசித்துக் காட்டுகிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். இங்கே என்னோடு யாரும் சண்டை போடுவதில்லை. மகள் போனில் என்னிடம் குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசுகிறாள். பால் பாக்கெட் போடுகிறவர்கூட அதை என் கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டுப் போகிறார். எல்லாரும் குரலைத் தாழ்த்திவிட்டார்கள். நீ ஒருத்திதான் மிச்சம். தெரிந்தால் நீயும் தாழ்த்திவிடுவாயோ என்று பயந்துவிட்டேன்.

திருட்டுக் கழுதை என்று வாசிக்க நர்ஸ் தயங்கினாள். நான் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன்.

உன் தங்கச்சி


ஜூன் 9

முதலில் நர்ஸம்மாவுக்கு. நீதான் இதை வாசிக்கிறாய் என்று இப்போது தெரிந்துவிட்டது. இத்தனை நாள் நான் இவளுக்கு எழுதியதையெல்லாம் நீ வாசித்திருக்கிறாய். சரி, போகட்டும். இனி வருவதைக் குரலைத் தாழ்த்தாமல் வாசி. எனக்கு ரசனை இல்லை என்று சொன்னதை நான் மறக்கவில்லை.

இப்போது உனக்கு.

மறுபடியும் மறைத்தாய்.

நிபந்தனையை நானே உடைக்கிறேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா உன் வீட்டில். நான் ஆஸ்பத்திரியில், மகனுக்குப் பிறந்த குழந்தை, இந்தப் பேத்திதான், கண்ணாடிப் பெட்டிக்குள். ஏழு மாதத்திலேயே வந்துவிட்டது, உள்ளங்கை அளவு. நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அம்மா என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். மூன்று நாளும் நீ எனக்கு போன் செய்தாய். "அம்மா எப்படி இருக்கா" என்று நான் கேட்டேன். "தூங்குறாங்க அக்கா, நீ குழந்தையைப் பாரு" என்றாய். மூன்று நாளும் அதே பதில். அம்மாவிடம் என்ன சொன்னாய்? "அக்கா வந்துக்கிட்டே இருக்கா" என்று சொன்னாய். வெள்ளிக்கிழமை நான் வந்தபோது அம்மாவை மூடி வைத்திருந்தார்கள். நீ மஞ்சள் புடவையில் நின்றாய், இடது தோளில் ஊக்கு இல்லை.

நான் குழந்தையை விட்டுவிட்டு வந்திருப்பேனா, வராமல் இருந்திருப்பேனா, எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாளையும் நான் தெரிந்துகொண்டு கழித்திருக்க வேண்டும். முடிவு என்னுடையது. நீ அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். கேப்டனம்மா செய்தது தப்புதான். ஆயிரம் பத்திரிகையில் ஆயிரம் பேர் சரி என்று எழுதினாலும் தப்புதான்.

நான் மெதுவாகப் பேசுவேன் என்று பயந்தாயாம். கண் போனதற்காக ஒரு வசவைக்கூடக் குறைக்கமாட்டேன். கழுதை. ஊமைக் கோட்டான். பத்தாவது படித்த முண்டம்.

சாம்பல் நிறம் என்றேனே, சாம்பலில் எத்தனையோ வகை. இது அம்மாவின் கறுப்புக் குடை மூன்று கோடை வெயில் தின்ற பிறகு ஆயிற்றே, அந்த நிறம். பொத்தானும் அதே துணியில் மூடியது, மின்னவில்லை. கேப்டனம்மாவின் இடது பையில் மட்டும் பொத்தான் இல்லை. பிய்த்துவிட்டிருக்கிறாள், நூல் தொங்குகிறது. வழிக்காரி அந்த நூலைப் பார்த்தாள். முப்பத்திரண்டாவது அடிக்கு முன்னால் தயங்கியது அதற்குத்தான்.

பொத்தான்காரி


ஆகஸ்ட் 17

தங்கச்சிக்கு,

நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் நான் வாராவாரம் எழுதி அனுப்புகிறேன். இதோடு ஒன்பது. இது உனக்காக இல்லை. ஒரு தொடரைத் தப்பும் தவறுமாக ஒருத்தி மனசில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது.

இந்த வாரம் தகரத்தலையனை, அந்த எந்திர மனுஷனை, அணைத்தார்களே, அப்போது வந்த 'டக்' சத்தம் அவன் தலையிலிருந்து வந்ததில்லை. கப்பல் சமையல்காரன் தன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். எந்திரத்துக்கு மரியாதை செய்ய வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. தகரத்தலையன் கண்ணில் இருந்த பச்சை விளக்கு உடனே அணையவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக. அரிசி அளவு, கடுகு அளவு, அப்புறம் இல்லை. இனி அவன் வரமாட்டான் என்று நினைக்கிறேன். தொடர் முடியப்போகிறதாம்.

முன்னெல்லாம் சும்மா பார்ப்பேன். இப்போது எழுத வேண்டும் என்பதால் பார்க்கிறபோதே வாயால் சொல்லிக்கொண்டு பார்க்கிறேன். "இப்ப கதவு திறக்குது, இடது பக்கம் ரெண்டு பேர், ஒருத்தி அழுதிருக்கா" என்று சத்தமாக. அப்படிச் சொன்னால் மறக்காது. எனக்கு எப்படியும் மறக்காது, ஆனாலும். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டி, "யார்கூடம்மா பேசிக்கிட்டு இருக்கீங்க? யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். "யாரும் வரலை. டிவிகூடப் பேசுறேன்" என்றேன். அவள், "சரிம்மா" என்றாள். மெதுவாகச் சொன்னாள். குரலைத் தாழ்த்துவார்கள் என்று நீ எழுதியது அப்போது எனக்குப் புரிந்தது.

துணி வைக்கிற நாற்காலியைக் காலி செய்து பார்த்தேன். நன்றாக இல்லை. மறுபடி துணியை வைத்துவிட்டேன்.

பொத்தான்காரி


அக்டோபர் 6

அன்புள்ள அக்கா,

ஒன்பதும், அதற்குப் பிறகு வந்த ஏழும் வந்து சேர்ந்தன. பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை. அம்மாவைப் பற்றி நீ எழுதியதற்கு ஒரு பதில் தேடினேன். இன்னும் கிடைக்கவில்லை.

போன சனிக்கிழமை கப்பல் முடிந்துவிட்டது. நர்ஸுக்கு டியூட்டி, நான் தனியாகத்தான் கேட்டேன். கேப்டன் இனிப் பறக்க முடியாமல் நிலையத்தில் தங்குகிறாள், வழிக்காரி புதுக் கிரகத்துக்குப் போகப்போகிறாள், அதுவரை புரிந்தது. கடைசியாக அவள் கேப்டன் அறைக்குள் வருகிற காலடி. அப்புறம் ஒன்றுமே இல்லை அக்கா. இசைகூட இல்லை. டிவி நின்றுவிட்டதா என்று எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் இருக்கும். நடுவில் மெத்தென்று ஒரு சத்தம், என்னவென்று தெரியவில்லை. அப்புறம் விளம்பரம்.

சத்தமில்லாத இடத்தை நானே போட்டுக்கொள்வேன் என்று எழுதினேனே. இதை என்னால் போட முடியவில்லை. ஆறு சீசன் காத்திருந்தது இதற்குத்தான்.

அந்த இரண்டு நிமிஷத்தில் என்ன நடந்தது?

உன் தங்கச்சி


அக்டோபர் 13

தங்கச்சிக்கு,

வழிக்காரி உள்ளே வந்தாள். கேப்டனம்மா கையை நீட்டினாள். வழிக்காரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


நவம்பர் 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நர்ஸ் வாசித்து முடித்ததும், "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "இவ்வளவுதான் எழுதியிருக்காங்க" என்றாள். என்ன நிறச் சட்டை, எந்தக் கை, எத்தனை பொத்தான், ஒன்றும் இல்லை. கடைசியில் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று வேறு. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நர்ஸுக்கு அந்த முடிவைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. மறு ஒளிபரப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். நான்தான் கேட்டேன். "கேப்டன் கையை நீட்டினாங்க. அந்தப் பொண்ணு பார்த்துட்டு, வெளிய போய்க் கதவைச் சாத்திட்டா" என்றாள்.

பேத்தியின் செருப்புப் பட்டை நிறத்தைக்கூட மாற்றிச் சொல்லாத நீ எனக்காக ஒரு பொய் எழுதியிருக்கிறாய். கேலி செய்யவில்லை அக்கா. அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அம்மா விஷயத்துக்குத் தேடிக்கொண்டிருந்த பதில் அதில்தான் இருந்தது. "வந்துக்கிட்டே இருக்கா" என்று அம்மாவிடம் நான் சொன்னது சரி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பொய் சொன்னவளுக்கு அது சரியாகத்தான் தெரியும். இப்போது பொய்யை வாங்கிக்கொண்டவளாக உட்கார்ந்திருக்கிறேன். இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு நிமிஷம் என்னுடையதாக இல்லாமல் போய்விட்டது. கேப்டன் செய்தது தப்புதான் அக்கா. கட்சி மாறிவிட்டேன். பத்திரிகைக்கு வேண்டுமானாலும் எழுதிப் போடு.

இன்னொன்று. நர்ஸுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது, இந்த மாதக் கடைசியில் போகிறாள். பிறகு உன் எழுத்தை வாசிக்க ஆள் இல்லை. அட்டை ஜன்னலும் இப்போது என் விரலுக்குப் பிடிபடவில்லை, இதை அவள்தான் எழுதுகிறாள். நீ போனில் பேசமாட்டாய். கேட்கவும் மாட்டேன், உன் வாக்கு எனக்குத் தெரியும். எனவே இது கடைசிக் கடிதம் என்று வைத்துக்கொள்.

இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமையிலிருந்து முதல் சீசனை மறுபடி போடுகிறார்களாம். நாலு மணிக்கு நானும் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்.

என்றும் உன் தங்கச்சி,
ஆபரேட்டர்


நவம்பர் 12

நர்ஸம்மா, போவதற்கு முன்னால் இதை நிதானமாக வாசித்துக் காட்டு. உனக்குச் சொல்ல வேண்டியது முதலில். நீ பார்த்தது சரி, ஆனால் பாதிதான் பார்த்தாய். பல்லி பார்க்கிறவர்களின் அவசரம் அது. கடைசியில் நடித்தவர்கள் பேர் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிட்டாய்.

தங்கச்சிக்கு,

நான் எழுதியது பொய். எழுதி, தபாலில் போட்டு, படியேறி வருவதற்குள் புரிந்துவிட்டது. எழுபது வயதில் கேப்டனம்மா வேலையை நானே பார்த்திருக்கிறேன். அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பையில் வைத்து மூடியாயிற்று, முடிந்தது. இதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அது வேறு கணக்கு, நடந்துகொண்டிருக்கிறது.

அந்த இரண்டு நிமிஷத்தை ஒழுங்காகச் சொல்கிறேன்.

கேப்டனம்மா படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். யூனிபார்ம் இல்லை, பழைய கம்பளிச் சட்டை, நாலு பொத்தான், கீழ்ப் பொத்தான் மாற்றி வைத்தது. வலது கையை நீட்டுகிறாள். வழிக்காரி பார்க்கிறாள். பிடிக்கவில்லை. திரும்பி வெளியே போய்க் கதவைச் சாத்துகிறாள். நீ கேட்ட மெத்தென்ற சத்தம் அதுதான். கேப்டனம்மா கையை மடியில் வைத்துக்கொள்கிறாள்.

ஆனால் படம் கதவை விட்டு நகரவில்லை. அதன் மேலேயே பேர் ஓடுகிறது. முதல் தடவை நானும் கவனிக்கவில்லை. மறு ஒளிபரப்பில் நாற்காலியை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கதவுக்கு அடியில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிகிறது. அந்தக் கோட்டில் இரண்டு நிழல். இரண்டு கால். வழிக்காரி போகவில்லை தங்கச்சி. கதவைச் சாத்திவிட்டு அந்தப் பக்கமே நிற்கிறாள். எல்லாப் பேரும் ஓடி முடிகிறவரைக்கும் நிற்கிறாள். உள்ளே இருக்கிறவள் அதைப் பார்த்தாளா என்று காட்டவில்லை.

அவள் மன்னிக்கவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் போகவும் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி காலை பஸ்ஸில் ஏறுகிறேன். ஐந்து மணி நேரம் என்கிறார்கள். மகனிடம் சொல்லிவிட்டேன். "அங்கே எதுக்கும்மா?" என்றான். "டிவி பார்க்க" என்றேன். பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டான்.

உன் டிவிக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு வை. என் வாக்கு மாறவில்லை, உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன். நான் டிவியைப் பார்த்துத்தான் சொல்லுவேன். எந்தக் கதவு திறக்கிறது, யார் வருகிறார்கள், என்ன நிறம், எத்தனை பொத்தான், எல்லாவற்றையும் டிவியிடம் சொல்லுவேன். பக்கத்து நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. முதல் சீசனில் எல்லாரும் நீலத்தில்தான் இருப்பார்கள். உனக்குப் பழகின கப்பல்தான்.

நாலு மணிக்கு முன்னால் வந்துவிடுவேன். நான் வெளியே நிற்கும்போது "யாரு?" என்று கேட்காதே, என்னால் பதில் சொல்ல முடியாது. கதவுக்கு அடியில் நிழல் விழுந்தால் உனக்குத் தெரியப்போவதில்லை. அதனால் செருப்பை இரண்டு தடவை தரையில் தட்டுகிறேன்.

திற.

அக்கா